ஆத்துக்கு பயந்து ஏரி வாயில குடி போன கதை: 2015, 2023 ரெண்டு வெள்ளம்

2023 டிசம்பர் 4, திங்கக்கிழமை. சாயங்காலம் நாலு, நாலரை இருக்கும். பள்ளிக்கரணைல எங்க அபார்ட்மென்ட் ரெண்டாவது மாடி பால்கனில நின்னுகிட்டு கீழ பாத்துகிட்டு இருக்கேன், பார்க்கிங்ல நின்ன என் காரோட கூரை மட்டும் தெரியுது, அதுவும் கொஞ்ச நேரத்துல அசைய ஆரம்பிச்சுது. கரண்ட் விடிகாலையிலயே போயிடுச்சு. போன்ல ஒரு கோடு சிக்னல். அந்த ஒரு கோட்டுல பெரியப்பா கால் வந்துச்சு. அவர் பொதுப்பணித்துறைல லஸ்கரா இருந்து ரிடையர் ஆனவர், மதகு ஷட்டர தூக்கி எறக்குற வேல, மணிமங்கலம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏரிங்கள்லயே முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டுனவர். நல்லா இருக்கியா சாப்டியான்னு ஒண்ணும் கேக்கல. "டேய், தண்ணி ஓடுதா நிக்குதா?" அவ்ளோதான்.

"நிக்குது பெரியப்பா."

"அப்ப நாலு நாளைக்கு அரிசி பருப்பு இருக்கான்னு பாத்துக்கோ" னு சொன்னாரு, கட் ஆயிடுச்சு.

சரியா நாலு நாள் நின்னுச்சு.

இத எழுதறதுக்கு காரணம் என்னன்னா, நான் 2015 வெள்ளத்துல ஜாபர்கான்பேட்டைல மூழ்குனவன், அந்த பயத்துலதான் ஆறே கண்ணுல படாத எடமா பாத்து பள்ளிக்கரணைக்கு குடி வந்தேன், வந்து 2023ல திரும்ப மூழ்குனேன். ரெண்டும் டிசம்பர் முதல் வாரம், ரெண்டும் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்த விட சூடாகற) வருஷம், ரெண்டுலயும் பேப்பர்ல ஒரே தலைப்பு, சென்னை வெள்ளம். ஆனா ரெண்டு தண்ணியும் வேற வேற ஜாதி. எத்தன செமீ மழைங்கற நம்பர மட்டும் புடிச்சு தொங்கினா இது புரியவே புரியாது, எனக்கு எட்டு வருஷம் புரியல.

2015: ராத்திரில வந்த தண்ணி

அப்ப காசி தியேட்டர் பக்கத்துல ஒரு சந்துல கிரவுண்ட் ப்ளோர்ல வாடகைக்கு இருந்தோம், நான், வீட்டுக்காரி, பொண்ணு, அப்பா. அடையாறு நடந்து போற தூரம்தான், ஆனா அது ஆறுன்னு யாரும் நெனைக்கல, நாத்தம் வர்ற பக்கம்னுதான் பேரு. அந்த நவம்பர் பூரா மழை. நுங்கம்பாக்கத்துல மட்டும் அந்த ஒரு மாசத்துல கிட்டத்தட்ட 105 செமீ, 1918க்கு அப்புறம் அப்படி ஒரு நவம்பர் கிடையாது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்க பெய்யறதே சுமாரா 140 செமீ தான். நவம்பர் நடுவுல ஒரு தடவ தாம்பரம், முடிச்சூர் பக்கம் எல்லாம் முங்கி எழுந்துச்சு, நாங்க டிவில பாத்துகிட்டு ஐயோ பாவம்னு சொன்னோம்.

இந்த எடத்த கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா டிசம்பர் 1 கதை நவம்பர்லயே எழுதியாச்சு. காஞ்ச மண்ணுல 20 செமீ பெஞ்சா கொஞ்சம் மண்ணு குடிக்கும், கொஞ்சம் ஏரி குடிக்கும், மிச்சம்தான் ஓடும். நவம்பர் கடைசில மண்ணும் குடிக்கல ஏரியும் குடிக்கல, எல்லாம் கழுத்து வரைக்கும் ரொம்பி நிக்குது. அதுக்கு மேல விழுற ஒவ்வொரு சொட்டும் நேரா ஆத்துக்குத்தான். இப்ப வானிலை ஆளுங்க திடீர் வெள்ள எச்சரிக்கைன்னு தனியா ஒண்ணு குடுக்கறாங்க பாருங்க, அதுல மழை அளவோட சேத்து மண்ணு ஏற்கனவே எவ்ளோ ஈரமா இருக்குன்னும் கணக்கு பாக்கறது இதுக்குத்தான்.

டிசம்பர் 1 செவ்வாக்கிழமை. பகல் பூரா ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. மறுநாள் காலைல 8:30க்கு எடுத்த 24 மணி நேர கணக்குப்படி தாம்பரத்துல 49 செமீ, செம்பரம்பாக்கத்துல 47, மீனம்பாக்கத்துல 34க்கு மேல, நுங்கம்பாக்கத்துல 29. வானிலை மையம் 20 செமீ தாண்டுனாலே அதிகனமழைன்னு சொல்லும், அதுக்கு மேல அவங்க கிட்ட பேரே இல்ல, 49க்கு என்ன சொல்றது? இன்னொண்ணு பாருங்க, நாங்க இருந்த பக்கம் மழை கம்மி, மேற்க தென்மேற்க போகப் போக ஜாஸ்தி. அதாவது எங்க தலைல பெஞ்சத விட ஆத்தோட தலைல பெஞ்சது அதிகம். நாங்க ஜன்னல்ல பாத்துகிட்டு இருந்தது தப்பான மழைய.

ராத்திரி பத்து பதினோரு மணிக்கு மழை விட்டு விட்டு பெய்ய ஆரம்பிச்சுது. அப்பா "விட்டுடுச்சுடா, தூங்குங்க" ன்னாரு. தெருவுல கணுக்கால் தண்ணி, அது எப்பவும் நிக்கறதுதான். வழக்கம் போல வாசப்படில ஒரு பழைய புடவைய சுருட்டி வெச்சுட்டு படுத்துட்டோம். ரெண்டு மணி இருக்கும், பாத்ரூம்லேர்ந்து குபுகுபுன்னு சத்தம். எந்திரிச்சு கால கீழ வெச்சா முழங்கால். வாசல் வழியா வரல, பாத்ரூம் ஓட்ட வழியா, டாய்லெட் வழியா வந்திருக்கு. டார்ச் அடிச்சு பாத்தா செம்மண் கலர். எங்க தெருவுல நிக்கற தண்ணி எப்பவும் கருப்பா சாக்கடையா இருக்கும், இது டீ மாதிரி இருந்துச்சு, ஓடவும் செஞ்சுது, கதவ தொறந்தா இழுக்குது. பத்தே நிமிஷத்துல இடுப்பு. அப்பாவ தோள்ல சாச்சு மாடிக்கு ஏத்தினேன். மேல இருந்த ஓனரம்மா வீட்ல நாங்க நாலு பேரு, எதிர் வீட்டுக்காரங்க, ஒரு நாய்க்குட்டி, பேர் தெரியாத ஒரு பேச்சிலர் பையன் எல்லாரும் மொட்டை மாடிக்கு கீழ ஒரே ஹால்ல. விடியும்போது எங்க வீட்டு சீலிங் பேன் வரைக்கும் தண்ணி.

மறுநாள் சாயங்காலத்துலேர்ந்தே வடிய ஆரம்பிச்சு அதுக்கடுத்த நாள் தெரு தெரிஞ்சுது. வந்த மாதிரியே போயிடுச்சு. வீட்டுக்குள்ள மட்டும் அரை அடி சேறு. பொண்ணோட பர்த் சர்டிபிகேட், அம்மா போட்டோ, என் மார்க் ஷீட் எல்லாம் அந்த சேத்துல. பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு வித்தானுங்க. ஏர்போர்ட்ட மூடிட்டாங்க, 6ஆம் தேதி வரைக்கும் பயணிகள் விமானம் இல்ல, ரெண்டாவது ரன்வே ஆத்து மேலயே பாலம் போட்டு ஓடுது, ஆறு வந்து தன் எடத்த கேட்டுச்சு. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்த மூடிட்டாங்க, ஊர் ரெண்டா போச்சு. 1878ல ஆரம்பிச்ச இந்து பேப்பர் ஒரு நாள் அச்சாகலன்னா பாத்துக்கோங்க. அப்புறம் அந்த முதலை வதந்தி ஞாபகம் இருக்கா? முதலைப் பண்ணைலேர்ந்து முதலைங்க எல்லாம் தப்பிச்சு வெளிய வந்துடுச்சுன்னு. பண்ணைக்காரங்களே இல்லப்பான்னு சொல்ல வேண்டியதா போச்சு. (2023ல பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றத்துல நெஜமாவே ஒரு முதலை ரோட்ட கிராஸ் பண்ணுச்சு, வீடியோ இருக்கு. வதந்திக்கு எட்டு வருஷம் லேட்டா உயிர் வந்துச்சு.)

செம்பரம்பாக்கம்ங்கற ஒத்த வார்த்தை

அதுக்கப்புறம் ஊர் பூரா ஒரே பேச்சு, செம்பரம்பாக்கத்த தொறந்து விட்டுட்டாங்க. நானும் வருஷக்கணக்கா அதத்தான் சொல்லிகிட்டு திரிஞ்சேன். பெரியப்பா மட்டும் ஒத்துக்கல, "எல்லாம் ஷட்டர்காரன் தலைல கட்டுங்கடா" ன்னு கோச்சுப்பாரு. அவர் டிபார்ட்மென்ட் பாசம்னு நெனச்சேன். பின்னாடி படிச்சு பாத்தப்பதான் அவர் பாதி சரி, நான் பாதி சரின்னு தெரிஞ்சுது.

செம்பரம்பாக்கம் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டிஎம்சி சொச்சம். அன்னிக்கு காலைல கம்மியா விட்டுகிட்டு இருந்தவங்க ராத்திரிக்குள்ள விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் ஏத்துனாங்க. 29,000 கன அடின்னா நமக்கு கண்ணுல தெரியாது, இப்படி வெச்சுக்கோங்க, 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்குல்ல, அந்த மாதிரி அறுபத்தெட்டு லாரி ஒவ்வொரு விநாடியும். அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட ரிப்போர்ட் 2018ல சட்டசபைல வெச்சாங்க, அதுல இது மனுஷனால வந்த பேரழிவுன்னே எழுதியிருந்தாங்க, ஏரில இன்னும் தேக்கியிருந்தா வெளிய விட்டத குறைச்சிருக்கலாம்னு. அரசு தரப்புல ஏரி ஒடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டாங்க. ஏரிக்கரை ஒடையற பயம் என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு அதுவும் சும்மா கேட்ட கேள்வி கிடையாது.

ஆனா பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்காரங்களும் ஐஐடி ஆளுங்களும் சேந்து 2016ல ஒரு ஆய்வு பண்ணாங்க. அடையாறுல போன உச்ச வெள்ளம் விநாடிக்கு சுமாரா 3,800 கன மீட்டர், அதுல செம்பரம்பாக்கத்து பங்கு சுமாரா 800 தான்னு அவங்க கணக்கு. அஞ்சுல ஒரு பங்கு. மிச்சம் நாலு பங்கு எங்கருந்து? இதுதான் யாரும் பேசாத பக்கம்.

அடையாறு செம்பரம்பாக்கத்துலேர்ந்து பொறக்கல. அது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்கள்லேர்ந்து கெளம்புது. ஒரு ஏரி ரொம்பி கலங்கல் (மிச்ச தண்ணி வழியறதுக்கு கரைல கட்டுன தாழ்வான சுவர்) வழியா மறுகால் போனா, அதாவது உபரி வழிஞ்சு ஓடுனா, அடுத்த ஏரி, அது ரொம்பினா அதுக்கடுத்தது, சோமங்கலம், படப்பை, மண்ணிவாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர்னு ஒரு சங்கிலி. திருநீர்மலை கிட்ட செம்பரம்பாக்கத்து உபரி வந்து சேருது, அதுக்கு முன்னாடியே ஆறு ஆறாத்தான் இருக்கு. இந்த சங்கிலில எந்த ஏரிக்கும் நம்ம நியூஸ்ல பேர் வராது. செம்பரம்பாக்கத்துக்காவது ஷட்டர் இருக்கு, தூக்கறதா எறக்கறதான்னு ஒருத்தர் முடிவெடுக்கலாம். கலங்கலுக்கு ஷட்டர் ஏது? ரொம்பினா வழியும், அவ்ளோதான், எந்த அதிகாரிக்கும் போன் பண்ணி கேட்டுட்டு வழியாது. பெரியப்பா சொல்வாரு, அந்த காலத்துல கரைல ராத்திரி பூரா லாந்தர் வெச்சுகிட்டு மூட்ட மண்ணோட ஊர்க்காரங்க உக்காந்திருப்பாங்களாம், எங்க கசியுதோ அங்க அடைக்க. இப்ப ஊர்க்காரங்களுக்கு ஏரித்தண்ணி தேவையில்ல, நெலம் எல்லாம் பிளாட் ஆயிடுச்சு, அப்புறம் யார் உக்காருவா.

ஒரு கணக்கு போட்டு பாத்தேன். ஒரு சதுர கிலோமீட்டர்ல ஒரு செமீ மழைன்னா ஒரு கோடி லிட்டர். அடையாறு படுகை 700 சதுர கிமீக்கு மேல. அது முழுக்க 40 செமீ பெய்யுதுன்னு சும்மா வெச்சுகிட்டா 28,000 கோடி லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 10 டிஎம்சி, செம்பரம்பாக்கத்த மாதிரி ரெண்டே முக்கால் ஏரி. ஒரே நாள்ல. நவம்பர் மழைல ஏற்கனவே எல்லாம் ரொம்பி இருக்கும்போது.

அப்போ செம்பரம்பாக்கம் நிரபராதியா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். அஞ்சுல ஒரு பங்குன்னா சின்ன விஷயமா? கட்டில் வரைக்கும் வந்த தண்ணிக்கும் பேன் வரைக்கும் வந்த தண்ணிக்கும் நடுவுல அந்த ஒரு பங்கு இருக்கலாம். அத விட எனக்கு ஆறாத கோவம் வேற ஒண்ணு. ஷட்டர தூக்குன தண்ணி எங்க தெருவுக்கு வர்றதுக்கு சில மணி நேரம் ஆகுது. அந்த நேரம் எங்களுக்கு சொந்தமான நேரம். அதுல ஒரு ஆட்டோல மைக் கட்டி கத்தியிருந்தா போதும், அப்பாவும் நானும் அந்த சர்டிபிகேட் பையவாவது மேல தூக்கிட்டு போயிருப்போம். எங்க தெருவுக்கு யாரும் வரல. மழை விட்டுடுச்சு தூங்குங்கன்னு அப்பா சொன்னது தான் எங்களுக்கு கெடச்ச ஒரே வெள்ள அறிவிப்பு.

ஆத்து வெள்ளத்தோட குணமே இதான், உங்க தெருல மழை நின்ன அப்புறம் வரும். மேல பெஞ்சது நடந்து வர நேரம் எடுக்கும்.

பள்ளிக்கரணை

2017ல லோன் போட்டு பிளாட் வாங்கினோம். புரோக்கர் கிட்ட நான் கேட்ட ஒரே கேள்வி, பக்கத்துல ஆறு இருக்கா? "ஆறா? இங்க ஏது சார் ஆறு" ன்னு சிரிச்சான். உண்மைதான். ஆறு இல்ல. பால்கனிலேர்ந்து பாத்தா சதுப்பு நெலம், சீசன்ல பூநாரை வரும், வ்யூ சூப்பர். வ்யூவுக்கு சதுர அடிக்கு ஐம்பது ரூபா எக்ஸ்ட்ரா வேற வாங்கினாங்க.

ஏன் அங்க சதுப்பு நெலம் இருக்குன்னு நான் கேக்கல.

தண்ணி வந்து நிக்கறதாலதான் அது சதுப்பு நெலம், இத சொல்ல பெரிய படிப்பு வேணாம். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், வேளச்சேரி, அந்தப் பக்கம் சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம்னு தென் சென்னைல ஏகப்பட்ட ஏரியோட மறுகால் எல்லாம் கடைசியா வந்து சேர்ற எடம் பள்ளிக்கரணை. ஒரு காலத்துல ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல இருந்ததுன்னு சொல்றாங்க, இப்ப அதுல கொஞ்சம்தான் மிச்சம். 2022ல உலக அளவுல முக்கியமான சதுப்பு நெலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க, அதுக்குள்ள குப்பைமேடு, ஐடி கம்பெனி, ரோடு, ரயில்வே ஸ்டேஷன், என் பிளாட் எல்லாம் வந்தாச்சு. வெளிய போக வழி? ஒக்கியம் மடுவு, அங்கருந்து பக்கிங்காம் கால்வாய், அங்கருந்து தெற்க முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரம், அப்புறம் கடல். பத்து வீட்டு தண்ணி ஒரு ஸ்ட்ராவுல போற மாதிரி. அதுலயும் நெலம் கடல் மட்டத்துக்கு சில மீட்டர் தான் மேல, சரிவே கெடையாது, தண்ணி சோம்பேறியாத்தான் நகரும்.

பெரியப்பா ஹவுஸ் வார்மிங்குக்கு வந்தப்ப பால்கனில நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "கலங்கலுக்கு எதுக்க வந்து உக்காந்திருக்க." எல்லாரும் இருந்தாங்க, நான் பேச்ச மாத்திட்டேன்.

இதுல எனக்கு மட்டும் கேனத்தனம்னு நெனைக்காதீங்க. எங்க ஜாபர்கான்பேட்டை வீட்ல வேல செஞ்ச அக்கா ஒருத்தங்க, ஆத்தோரமா குடிசைல இருந்தவங்க. வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்தோர குடும்பங்கள காலி பண்ணி பெரும்பாக்கத்துக்கு அனுப்புனாங்கள்ல, அதுல அவங்களும் போனாங்க. பெரும்பாக்கம் எங்க இருக்கு? அதே சதுப்பு நெலத்துக்கு தெக்கால. நான் லோன் போட்டு வந்த தப்புக்கு அவங்கள லாரில ஏத்தி கொண்டு வந்து விட்டாங்க. 2023ல அவங்க பிளாக்க சுத்தியும் தண்ணி. போன்ல சொன்னாங்க, "அங்க இருந்தப்ப தண்ணி வந்தா ரெண்டு நாள்ல ஓடிரும் தம்பி, இங்க குந்திக்கினே கீது."

ஓடிரும், குந்திக்கினே கீது. நான் இவ்ளோ நீளமா எழுதற மேட்டர அந்தக்கா ஒரு வரில முடிச்சிட்டாங்க.

2023: வந்துட்டு போகாத தண்ணி

மிக்ஜாம் புயல் சென்னைல கரை கடக்கவே இல்ல, 5ஆம் தேதி ஆந்திரால பாபட்லா பக்கம் கடந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி டிசம்பர் 3 ராத்திரிலேர்ந்து 4ஆம் தேதி ராத்திரி வரைக்கும் நமக்கு நேர் எதிர்க்க கடல்ல, சுமாரா நூறு கிலோமீட்டர் தூரத்துல, ஆமை மாதிரி நகந்துச்சு. வேகமா போற புயல் அடிச்சுட்டு போயிடும், மெதுவா போறதுதான் ஊத்திட்டு போகும். ரெண்டு நாள்ல ஊருக்குள்ள நெறைய எடத்துல 40 செமீக்கு மேல. இந்த தடவ மேற்க தாம்பரத்துல மட்டும் இல்ல, எங்க தலைலயே நேரா.

செம்பரம்பாக்கத்துல தண்ணி விட்டது 2015 அளவுக்கு பக்கத்துல கூட இல்ல. வாட்ஸ்அப்ல மட்டும் வழக்கம் போல "செம்பரம்பாக்கம் தொறந்தாச்சு, உஷார்" பார்வர்டு. எங்க அபார்ட்மென்ட் குரூப்புலயும் ஒருத்தர் போட்டாரு. செம்பரம்பாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் என்ன சம்பந்தம்? அந்த தண்ணி அடையாறுல போய் பட்டினப்பாக்கத்து பக்கம் கடல்ல சேரும், எங்க பக்கம் வர வழியே கெடையாது. நாங்க பூரா பேரும் தப்பான ஏரிய பாத்து பயந்துகிட்டு இருந்தோம், அந்த நேரம் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் மறுகால் தண்ணி காம்பவுண்ட் சுவத்த தாண்டிகிட்டு இருந்துச்சு.

வந்த விதமும் வேற. குபுகுபுன்னு வரல. காலைல ஏழு மணிக்கு பார்க்கிங்ல ஒரு சாண், ஒம்போதுக்கு டயர் பாதி, மத்தியானம் சீட்டு. ஒவ்வொரு மணிக்கும் ஒரு செங்கல் வரி ஏறுன மாதிரி. அவ்ளோ டைம் இருந்துச்சு, ஆனா யாரும் கார எடுக்கல, ஏன்னா எடுத்துட்டு எங்க போறது, வெளிய ரோட்டுல உள்ள விட ஆழம். புயலால கடல் வேற தூக்கி நின்னுச்சு, முகத்துவாரத்துல தண்ணிய வாங்க மாட்டேங்குது. கீழ பைப்ப அடைச்சா மாடில சிங்க் தண்ணி நிக்குமே, அந்த கதை தான். மழை 4ஆம் தேதி ராத்திரி நின்னுடுச்சு, 5ஆம் தேதி வெயிலே அடிச்சுது, நீல வானம், கீழ கழுத்தளவு தண்ணி, அத பாக்கும்போது வர்ற எரிச்சல் இருக்கே. அதுவும் 6ஆம் தேதி இன்னும் ரெண்டு இன்ச் ஏறுச்சு, மேல ஏரிங்கள்லேர்ந்து வந்துகிட்டே இருந்தது.

தண்ணி இழுக்கல, யாரையும் அடிச்சுட்டு போகல. ஆனா கரண்ட் பேனல், மோட்டார், லிப்ட் குழி, சம்ப் எல்லாம் கீழ பார்க்கிங் மட்டத்துலயே வெச்சு கட்டியிருக்காங்க. மழை பெஞ்சு ஊரே தண்ணில இருக்கும்போது ரெண்டாவது மாடில குடிக்க தண்ணி இல்லாம நாலு நாள் இருந்தோம். சம்ப்ல சாக்கடை கலந்துடுச்சு. எதிர் பிளாட்ல ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும், இன்வெர்ட்டர் தீந்துடுச்சு, 5ஆம் தேதி மீனவர்கள் படகு வந்து கட்டிலோட எறக்கினாங்க. 2015ல நான் பயந்தது சாவுக்கு, பத்து நிமிஷம். 2023ல பயந்தது பாத்ரூமுக்கு, நாலு நாள். எது பெருசுன்னு என்னால சொல்ல முடியல.

என் காரும் முங்கிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் பக்கத்து வீட்டுத் தம்பி ஆசைல தன் கார் சாவிய திருகிட்டான், இன்ஜினுக்குள்ள தண்ணி போயி கனெக்டிங் ராடு வளைஞ்சுடுச்சு, இன்சூரன்ஸ்ல இன்ஜினுக்கு தனியா கட்டலன்னு கைய விரிச்சுட்டாங்க. நான் திருகல, பேட்டரி ஒயர கழட்டிட்டு டோ பண்ணி எடுத்துட்டு போனேன், செலவு கம்மியாச்சு. இத ஒண்ணு மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கோங்க, முங்குன வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தா

இப்ப யாராவது "நம்ம ஏரியால வெள்ளம் வருமா" ன்னு கேட்டா நான் எத்தன செமீ சொல்லியிருக்காங்கன்னு கேக்கறதில்ல. உங்க வீட்டு தண்ணி எங்க போய் சேருது, எந்த ஏரியோட மறுகால் உங்க பக்கம் வருதுன்னுதான் கேக்கறேன். முக்காவாசி பேருக்கு தெரியல. பிளாட்டோட விலை தெரியும், மெட்ரோ எவ்ளோ தூரம்னு தெரியும். ஊர் பேர கேட்டாலே பாதி பதில் கெடச்சுடும். ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல், தாங்கல்னாலே தண்ணி தாங்குற எடம். மேற்கு மாம்பலத்துல லேக் வ்யூ ரோடு இருக்கு, லேக்க காணோம். வள்ளுவர் கோட்டம் நிக்கறதே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த எடத்துல. முகப்பேர்ல, அம்பத்தூர்ல ஹவுசிங் போர்டு மனைக்கு வெச்ச பேரே ஏரித் திட்டம், அத விட ஓப்பனா ஒருத்தன் சொல்ல முடியுமா.

அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு ஓரம்னா மேல என்ன நடக்குதுன்னு பாக்கணும், உங்க தெரு மழைய நம்பக் கூடாது, ராத்திரிதான் ஆபத்து, ஓடறதுக்கு நேரம் கம்மி, கிரவுண்ட் ப்ளோர்ல இருந்தா மாடிக்கு ஏறிடணும். பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் மாதிரி கிண்ணம்னா ஏறி உக்காந்தா மட்டும் பத்தாது, அங்க எவ்ளோ நாள் உக்காரணும்ங்கறதுதான் கேள்வி, வயசானவங்க, மாசமா இருக்கறவங்க இருந்தா மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிடறது தான் புத்திசாலித்தனம். மூணாவது ஒண்ணு இருக்கு, 2021 டிசம்பர் 30 மாதிரி, சொல்லாம கொள்ளாம மத்தியானத்துல மயிலாப்பூர் பக்கம் ஆரம்பிச்சு சில மணி நேரத்துல சில எடத்துல 20 செமீ தாண்டி ஊத்திட்டு போனது. அதுக்கு ஆறும் தேவையில்ல ஏரியும் தேவையில்ல, ஒரு சப்வே போதும். அந்த மாதிரி நாள்ல ஆபீஸ்லயே உக்காந்து இன்னொரு டீ குடிங்க, சப்வேல இறங்காதீங்க.

மழைநீர் வடிகால் நெறைய போட்டிருக்காங்க, மாம்பலம் பக்கம் வித்தியாசம் தெரியுதுன்னு அங்க இருக்கற சொந்தக்காரங்க சொல்றாங்க, நான் மறுக்கல. ஆனா வடிகால் தண்ணிய கால்வாய் வரைக்கும்தான் கொண்டு போகும், கால்வாய் கடல் கிட்ட மாட்டிகிட்டா வடிகால் திரும்பி நம்மள பாக்கும். எங்க தெரு வடிகால்லேர்ந்து தண்ணி மேல வந்தத ரெண்டு கண்ணால பாத்தேன்.

2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் குடுத்தாங்க ஞாபகம் இருக்கா, வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நிறுத்துன சமயம். நாடே பாத்து சிரிச்சுது. நானும் நிறுத்துனேன், சிரிக்கறவங்க சிரிங்க, எனக்கு ரிப்பேர் பில் இன்னும் ஞாபகம் இருக்கு. 15ஆம் தேதி நல்ல மழை, 16க்குதான் பெருசுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் குடைய எடுத்துகிட்டு நாராயணபுரம் பக்கம் கால்வாய் பாலத்துக்கு நடந்து போனேன். என்ன மாதிரியே நாலஞ்சு பேர் அங்க நின்னு எட்டிப் பாத்துகிட்டு இருந்தாங்க, யாரும் யார்கிட்டயும் பேசல. ஆகாயத்தாமரை கொத்து ஒண்ணு பாலத்துக்கு அடில வந்துச்சு, பாத்துகிட்டே இருந்தேன், அந்தப் பக்கம் போச்சு, சதுப்பு நெலத்து பக்கமா, நல்ல வேகத்துலயே. பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"ஓடுது பெரியப்பா."

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

"அப்ப போய் தூங்கு" ன்னாரு. போய் தூங்கினேன். தாழ்வு மண்டலம் வடக்க நகந்துடுச்சு, 16ல பெருசா ஒண்ணும் பெய்யல. கார எடுக்க போனா அதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் இடிச்சு நிறுத்தி வெச்சிருந்தாங்க, சாயங்காலம் வரைக்கும் எடுக்க முடியல.